கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு டிக்கெட் எடுக்குமுன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு மாணவி கேட்டிருந்தது, சுருக்கமாக: “குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள் பற்றி ஆய்வு செய்கிறேன். 1870-இலிருந்து 1940 வரை அச்சானவை வேண்டும். இந்தியாவில் வெளியாகிற எல்லாப் புத்தகமும் கொல்கத்தா தேசிய நூலகத்தில் இருக்கும் என்கிறார்கள். ஒரு மாதம் அங்கே தங்கினால் வேலை முடிந்துவிடுமா? அப்பா அம்மாவும் கூட வருகிறார்கள். அவர்களுக்குப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?”

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் மலிவாக விற்ற தெருப்பாட்டுப் புத்தகங்கள் என்ற உங்கள் தலைப்புக்குக் கொல்கத்தா கடைசியில் போக வேண்டிய ஊர். முதலில் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம், அப்புறம் தரமணி ரோஜா முத்தையா நூலகம், முடிந்தால் லண்டன் பிரிட்டிஷ் நூலகம். கொல்கத்தாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே உங்களுக்கு வேறொரு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். ஆனால் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஒரு நாளுக்கு மேல் உட்கார்ந்து போய், தேசிய நூலகம் இருக்கும் அலிப்பூரில் கோரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்து, “இல்லை” என்ற பதிலோடு திரும்பி வருவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் தேடுகிற இந்தப் புத்தகம் எந்த வழியாக அந்த அலமாரிக்குப் போயிருக்க முடியும்?

தேசிய நூலகம் என்றால் எல்லாம் தானாக வந்து சேர்ந்துவிடும் என்று நினைக்கிறோம். அப்படி எதுவும் வருவதில்லை. சட்டம் கட்டாயப்படுத்தினால் வரும், யாராவது கொடுத்தால் வரும், நூலகம் விலைக்கு வாங்கினால் வரும், பழைய நூலகம் ஒன்று கலைக்கப்பட்டு அதன் சொத்தாக வரும். சில நேரம் போலீஸ் பறிமுதல் செய்தும் ஏதாவது ஓர் அலமாரிக்கு வந்து சேரும். வழி தெரிந்துவிட்டால், எங்கே இருக்கும், எங்கே இருக்காது என்று வீட்டில் உட்கார்ந்தே பாதிக்கு மேல் சொல்லிவிடலாம்.

“எல்லாப் புத்தகமும்” என்ற பேச்சுக்கு அடிப்படை 1954-இல் வந்த ஒரு சட்டம். அதன்படி இந்தியாவில் ஒரு புத்தகம் வெளியானால், 30 நாளுக்குள் பதிப்பாளர் தம் செலவில் ஒரு பிரதியைக் கொல்கத்தாவுக்கு அனுப்ப வேண்டும். சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும், மும்பையில் ஒரு நூலகத்துக்கும், டெல்லியில் ஒரு நூலகத்துக்கும் தலா ஒரு பிரதி போக வேண்டும். 1956-இல் திருத்தம் வந்து நாளிதழ்களும் பருவ இதழ்களும் இதில் சேர்ந்தன. அனுப்பாவிட்டால் 50 ரூபாய் வரை அபராதம், அதோடு புத்தகத்தின் விலை. 1954-இல் ஐம்பது ரூபாய் கொஞ்சம் உறைத்திருக்கும். இன்று நான்கு ஊருக்கும் கூரியரில் அனுப்பினால் அதைவிடக் கூடுதலாக ஆகும். அதனால் பெரிய பதிப்பகங்கள் ஒழுங்காக அனுப்புகின்றன. கவிதைத் தொகுப்பை முந்நூறு பிரதி அடித்து நண்பர்களுக்குக் கொடுக்கிறவர் இந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். ஆக 1954-க்குப் பிறகான தமிழ்ப் புத்தகங்கள் கொல்கத்தாவில் நிறைய உண்டு, ஓட்டைகளோடு. அதற்கு முந்தியவை இந்தச் சட்டத்தின் வழியாக வந்திருக்க முடியாது. உங்கள் காலகட்டம் 1940-இல் முடிகிறது. இந்த வழி உங்களுக்கு அடைபட்டது.

சரி, 1954-க்கு முன்னால் அந்த நூலகம் என்னவாக இருந்தது? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. 1836-இல் கல்கத்தா பொது நூலகம் தொடங்கியது. அரசு நூலகம் இல்லை. பணம் கட்டிப் பங்காளர் ஆனவர்கள் நடத்தியது. முதல் பங்காளர் ரவீந்திரநாத் தாகூரின் தாத்தா துவாரகாநாத் தாகூர். அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த மெட்காஃப், வில்லியம் கோட்டைக் கல்லூரி நூலகத்திலிருந்து 4,675 புத்தகங்களை மாற்றிக் கொடுத்தார். அதுதான் கையிருப்பின் தொடக்கம். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அரசுச் செயலகத்தின் பல துறைகளிடம் இருந்த நூலகங்களை ஒன்றாக்கி 1891-இல் இம்பீரியல் நூலகம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். அதை உயர் அதிகாரிகள்தான் பயன்படுத்த முடியும். கர்சன் பிரபு வந்து பார்த்தார். ஒன்று ஆளில்லாமல் கிடக்கிறது, இன்னொன்று ஆளை விடாமல் கிடக்கிறது. இரண்டையும் இணைத்து 1903 ஜனவரி 30 அன்று மெட்காஃப் மண்டபத்தில் பொதுமக்களுக்குத் திறந்தார்.

அந்த நூலகம் எதற்கு என்று அரசு அப்போதே எழுதி வைத்திருக்கிறது: இந்தியாவைப் பற்றி எந்தக் காலத்தில் எழுதப்பட்ட நூலாக இருந்தாலும் முடிந்தவரை இங்கே பார்த்துப் படிக்கக் கிடைக்க வேண்டும், வருங்கால வரலாற்று ஆசிரியர்களுக்கான சேமிப்பாக இருக்க வேண்டும். நல்ல நோக்கம்தான். ஆனால் “இந்தியாவைப் பற்றி” என்ற இடத்தைக் கவனியுங்கள். இந்தியர்கள் தங்கள் மொழிகளில் தங்களுக்குள் எழுதிக்கொண்டது அந்தத் திட்டத்தின் நடுவில் இல்லை. முதல் நூலகர் ஜான் மக்ஃபார்லேன் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து வந்தவர். இரண்டாமவர் ஹரிநாத் தே, அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர்; முப்பதுக்கு மேற்பட்ட மொழிகள் தெரிந்தவர் என்று பெயர் பெற்றவர், 34 வயதில் 1911-இல் இறந்துபோனார். அவ்வளவு மொழி தெரிந்த ஆள் நீண்ட காலம் இருந்திருந்தால் இந்திய மொழிப் பகுதிகள் முன்கூட்டியே வளர்ந்திருக்குமோ என்று எனக்கு ஒரு நப்பாசை உண்டு. நடந்ததென்னவோ, தமிழ் உள்ளிட்ட மொழிப் பிரிவுகள் முறையாக வளர்ந்தது விடுதலைக்குப் பிறகுதான். காலணாவுக்கும் அரையணாவுக்கும் சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் விற்ற கொலைச் சிந்தை (கொலை வழக்கைப் பாடும் பாட்டை) அந்தக் கால இம்பீரியல் நூலகம் பணம் கொடுத்து வாங்கியிருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

1948-இல் பெயர் தேசிய நூலகம் ஆனது. நூலகம் அப்போது இருந்த எஸ்பிளனேடிலிருந்து அலிப்பூர் பெல்வடேர் மாளிகைக்கு மாறியது. 1953 பிப்ரவரி 1 அன்று மௌலானா அபுல் கலாம் ஆசாத் திறந்துவைத்தார். இந்தக் காலத்தை நடத்திச் சென்றவர் பி.எஸ். கேசவன், மயிலாப்பூரில் பிறந்தவர். இன்று நாம் பார்க்கும் தேசிய நூலகத்தின் உருவம் பெரும்பாலும் அவர் போட்ட அடித்தளம். அவர் பெயர் உங்களுக்கு இன்னொரு விதத்தில் உதவும். 1901 முதல் 1953 வரை இந்திய மொழிகளில் வெளியான குறிப்பிடத்தக்க நூல்களுக்கு சாகித்ய அகாதெமி வெளியிட்ட நான்கு தொகுதி நூலடைவின் பதிப்பாசிரியர்களில் அவர் ஒருவர். மொழிகள் ஆங்கில அகர வரிசையில் வருவதால் தமிழ் நான்காவது தொகுதியில் இருக்கிறது. குஜிலிப் பாட்டு அதில் அநேகமாகச் சிக்காது. தேர்ந்தெடுத்துத் தொகுத்தது அது. ஆனால் அந்தக் காலத்துக் “கௌரவமான” புத்தகங்கள் எவை என்று அதைப் பார்த்தால் தெரியும். எது விடுபட்டது என்பதும் உங்களுக்குத் தரவுதான்.

அடுத்த வழி கொடை. கொல்கத்தாவின் உண்மையான பெருமை இங்கேதான் என்பது என் எண்ணம். கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜியின் குடும்பம் அவருடைய சொந்த நூலகத்தை 1949-இல் கொடுத்தது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள், இன்றைக்கும் தனிச் சேகரமாக இருக்கின்றன. ஒரு மனிதர் வீட்டில் அவ்வளவு புத்தகம்! பர்த்வான் மாவட்டத்துப் புஹார் கிராமத்திலிருந்து வந்த அரபு, பாரசீகச் சுவடிகள் உண்டு. முகலாய வரலாறு எழுதிய ஜதுநாத் சர்க்காரின் சேகரம் உண்டு.

தமிழுக்கு அங்கே இருக்கும் பெரிய செல்வம் எஸ். வையாபுரிப் பிள்ளை சேகரம். இது பலருக்குத் தெரிவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக 1926 முதல் இருந்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அந்த வேலையை முடித்தவர். 1940-இல் சைவ சித்தாந்த மகா சமாஜத்தின் பதிப்பாகச் சங்க இலக்கியம் முழுவதையும் இரண்டு பாகங்களில் கொண்டுவந்தவர். அப்படிப்பட்ட பதிப்பாசிரியர் தம் வேலைக்காகச் சேர்த்த ஏறத்தாழ 3,000 நூல்களும் சுவடிகளும் இருப்பது சென்னையிலும் இல்லை, திருநெல்வேலியிலும் இல்லை. ஹூக்ளி ஆற்றங்கரை ஊரில். பதிப்பு வரலாறு எழுதுகிறவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பழைய பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் கொல்கத்தாவுக்குப் போகக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். நீங்கள் தேடுவது தெருப்பாட்டு. பிள்ளையவர்கள் நிகண்டும் இலக்கணமும் சேர்த்தவர். ஓரிரண்டு அகப்பட்டால் அதிர்ஷ்டம்.

இனி உங்கள் புத்தகங்கள் உண்மையில் எங்கே போயின என்று பார்ப்போம். உங்கள் காலகட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், 1867-இல், அச்சகங்களையும் நூல்களையும் பதிவு செய்யும் சட்டம் வந்தது. 1857-க்குப் பிறகு அரசுக்கு ஒரு பயம், இந்த நாட்டு மொழிகளில் என்னதான் அச்சாகிறது என்று. அதனால் அச்சடித்த ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியையும் அச்சகத்தார் மாகாண அரசிடம் கொடுக்க வேண்டும் என்று ஆனது. வந்த புத்தகங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் போட்டு அரசிதழோடு வெளியிட்டார்கள்.

அந்தக் காலாண்டுப் பட்டியலில் என்னென்ன கட்டங்கள் என்று பாருங்கள்: நூலின் பெயர், மொழி, ஆசிரியர், பொருள், அச்சான ஊர், அச்சகத்தார் பெயர், வெளியான தேதி, பக்கங்கள், அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதிகள், ஈய அச்சா கல்லச்சா, விலை, உரிமை யாருடையது. எட்டுப் பக்கப் பாட்டுப் புத்தகத்துக்கும் இதே கட்டங்கள்தான், திருக்குறள் உரைக்கும் இதே கட்டங்கள்தான். எந்தப் பாட்டு எத்தனை ஆயிரம் அடித்தார்கள், எவ்வளவுக்கு விற்றார்கள், அடுத்த பதிப்பு எத்தனை மாதத்தில் வந்தது என்பதெல்லாம் இதிலிருந்து கிடைக்கும். புத்தகமே அழிந்துபோயிருந்தாலும் அதன் பிறப்புச் சான்றிதழ் இங்கே இருக்கிறது. அச்சகத்தார் சொன்ன பிரதி எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம், அது அவர் வாக்குமூலம். எல்லாரும் பதிவு செய்தார்கள் என்றும் இல்லை. இருந்தாலும் குஜிலி இலக்கியத்துக்கு இதைவிடப் பெரிய ஒற்றை ஆதாரம் கிடையாது என்பேன். இந்தப் பதிவுகளை வைத்து 1867 முதலான தமிழ் நூல்களுக்குத் தமிழ்நாட்டில் ‘தமிழ் நூல் விவர அட்டவணை’ என்று தொகுதிகள் வெளியிட்டார்கள். ஆய்வேடு எழுதுகிறவர் மேசையில் முதலில் இருக்க வேண்டியது அது.

பட்டியல் லண்டனுக்கும் போனது. பிரிட்டிஷ் மியூசியத்தாரும் இந்தியா ஆபீஸ் நூலகத்தாரும் அதைப் பார்த்து வேண்டியதைக் குறித்து வரவழைத்துக்கொண்டார்கள். அவை இரண்டின் நூல்களும் சேர்ந்திருக்கும் இடம்தான் இன்றைய பிரிட்டிஷ் நூலகம். கன்னிமாராவில் இல்லாத தமிழ்ப் பாட்டுப் புத்தகம் லண்டன் யூஸ்டன் சாலையில், அந்த நூலகத்தில், இருக்கிறதென்றால் காரணம் இதுதான். பார்னெட்டும் ஜி.யு. போப்பும் தயாரித்த பிரிட்டிஷ் மியூசியத் தமிழ் நூல் அட்டவணை 1909-இல் வந்தது, துணைத் தொகுதி 1931-இல். இரண்டையும் முதலில் வீட்டிலேயே புரட்டிவிடுங்கள். 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் பிரிட்டிஷ் நூலகத்தின் இணைய வசதிகள் பெரிதும் முடங்கிப்போயின. அப்போது இந்தப் பழைய அச்சு அட்டவணைகள்தான் கைகொடுத்தன. கணினிப் பட்டியல் இருக்கிறதே என்று இவற்றைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

பறிமுதல் என்று சொன்னேனே, அது 1930-களின் சங்கதி. பகத் சிங் தூக்கு, உப்புச் சத்தியாக்கிரகம், கள்ளுக்கடை மறியல் என்று சுடச்சுடப் பாட்டு எழுதி அச்சடித்துத் தெருவில் பாடி விற்றார்கள். அரசு தடை செய்தது, பிரதிகளைப் பிடித்தது, சான்றுக்காக ஒன்றிரண்டை வைத்துக்கொண்டது. அந்தத் தடை நூல்கள் இன்று டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும், சென்னைத் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், பிரிட்டிஷ் நூலகத்திலும் பத்திரமாக இருக்கின்றன. தடை செய்யாமல் விட்டிருந்தால் பொட்டலம் கட்டிப் போயிருக்கும். எழும்பூர் காந்தி இர்வின் சாலைக் காப்பகத்துக்குப் போனால் நூலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அதைத் தடை செய்த அரசாணைக் கோப்பையும் கேளுங்கள். சில கோப்புகளில் பாட்டின் ஆங்கிலச் சுருக்கமும் அதிகாரிகளின் கருத்தும் சேர்ந்தே கிடைக்கும்.

அங்கிருந்து கன்னிமாரா பக்கம்தான். 1896 டிசம்பர் 5 அன்று திறந்தது. மறைமலையடிகள் நூலகமும் இப்போது அதே வளாகத்தில் இருக்கிறது. அப்புறம் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஆளாகச் சேர்த்ததை, 1992-இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, ஊரைவிட்டுக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நிறுவியது. அவர் கல்யாணப் பத்திரிகையையும் நாடக நோட்டீசையும் விடாமல் சேர்த்த மனிதர். பெரிய நூலகங்கள் குப்பை என்று ஒதுக்கியதைச் சேர்த்தவர்களின் அலமாரியில்தான் உங்கள் ஆய்வின் சதையும் ரத்தமும் இருக்கின்றன. ஆறு மாதம் கொடுத்தாலும் தரமணிக்குத் தகும்.

இலங்கையிலும் மலாயாவிலும் அச்சான சிந்துகளுக்கும் இதே கேள்விதான். இந்தியச் சட்டம் எதுவும் அவற்றைக் கொல்கத்தாவுக்குக் கொண்டுவராது. இலங்கைக்கு கொழும்பு ஆவணக் காப்பகமும், இணையத்தில் நூலகம் அறக்கட்டளையின் சேகரமும் பாருங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இருந்த பழையவை 1981-இல் எரிந்துபோயின. சிங்கப்பூருக்கு அந்த ஊர்த் தேசிய நூலகம். அவர்கள் தமிழையும் தங்கள் ஆட்சி மொழிகளில் ஒன்றாக வைத்துச் சேர்க்கிறவர்கள்.

அப்படியானால் கொல்கத்தாவில் உங்களுக்கு என்ன வேலை? வங்காளத்துக்கும் ஒரு குஜிலி உண்டு. வடக்குக் கல்கத்தாவில் சித்பூர் சாலைப் பக்கம் ‘படதலா’ என்ற வட்டாரத்தில் மலிவுப் பதிப்புகள் மலைமலையாக அச்சாயின. புராணக் கதை, பஞ்சாங்கம், கேலி நாடகம், ஊரைக் கலக்கிய கொலை வழக்கு எல்லாம் உண்டு, மரச்செதுக்குப் படங்களோடு. பாதிரியார் ஜேம்ஸ் லாங் 1855-லேயே வங்காள நூல்களுக்கு விளக்க அட்டவணை போட்டுவிட்டார். தமிழில் ஜான் மர்டாக் 1865-இல் செய்ததற்கு ஒரு முன்னோடி மாதிரி. இரண்டு நகரத்துத் தெரு இலக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு இயல் எழுதினால் ஆய்வேட்டுக்கு வேறு ஒரு எடை வந்துவிடும். அதற்குத் தேசிய நூலகத்தின் வங்காளப் பிரிவும், ஊரிலேயே உள்ள வங்க இலக்கியக் கழகமான வங்கீய சாகித்ய பரிஷத்தும்தான் இடம். ஒரு மாதம் வேண்டாம், இரண்டு வாரம் போதும். வங்காளம் படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

போகிறீர்கள் என்றால் சில நடைமுறைகள். 22 லட்சத்துக்கு மேற்பட்ட புத்தகங்கள் இருக்கும் இடம். அலமாரிக்கு நடுவில் நடந்து எடுத்துப் பார்க்க விடமாட்டார்கள். வாசகர் அட்டை எடுத்து, அட்டவணையில் தேடி, அழைப்பு எண்ணையும் ஆசிரியர், நூல் பெயரையும் கோரிக்கைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் உள்ளிருந்து எடுத்து வந்து மேசைக்குக் கொடுப்பார்கள். அதனால் போகுமுன் தேட வேண்டியதைப் பட்டியலாக எழுதி, அழைப்பு எண்களை இணைய அட்டவணையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் இல்லாமல் போய் ‘என்ன இருக்கிறது பார்ப்போம்’ என்று உட்கார்ந்தால் முதல் மூன்று நாள் காணாமல் போகும். அடையாள அட்டை, புகைப்படம், வழிகாட்டியின் கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும். அரிய நூல் பகுதிக்குக் கடிதம் கட்டாயம் உதவும்.

அட்டவணையில் தமிழைத் தேடுவது ஒரு தனிக் கலை. ரோமன் எழுத்தில் போட்ட பதிவுகள் நிறைய. ‘ழ’ என்றால் ஒருவர் இசட்-எச் போட்டிருப்பார், இன்னொருவர் எல் போட்டு அடியில் கோடு இழுத்திருப்பார், மூன்றாமவர் கோட்டையும் விட்டிருப்பார். முழுப் பெயரையும் தட்டாதீர்கள். குழப்பமில்லாத ஒரு சொல்லை மட்டும் போடுங்கள். ‘சிந்து’, ‘கும்மி’, ‘பதம்’, ‘அலங்காரம்’ போதும். ஆசிரியர் பெயர் இன்னும் மோசம். பிள்ளை, முதலியார், நாயகர், ஐயர் இவற்றைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு அதன் கீழ் அடுக்கியிருப்பது சகஜம். ஊர்ப் பெயர் முன்னால் வந்தால் அதன் கீழும் இருக்கும். ஒரே ஆளை மூன்று இடத்தில் தேடுங்கள். அகப்படவில்லை என்று அட்டவணை சொன்னாலும் தமிழ்ப் பிரிவில் இருப்பவரிடம் நேரில் கேளுங்கள். அழைப்பு எண்ணை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் எந்த நூலகத்திலும் ஒருவராவது இருப்பார்கள். அவரிடம் பணிவாகப் போய் நிற்பது ஆய்வு முறையியலில் சேராவிட்டாலும் பலன் தருகிற முறை.

பழைய மலிவுப் பதிப்புகளின் தாள் மரக்கூழ்த் தாள். அமிலம் ஏறிப் பழுப்பாகி, திருப்பும்போதே ஓரம் அப்பளமாக நொறுங்கும். அப்படிப்பட்டதை ஒளிநகல் எடுக்க எந்த நூலகமும் அனுமதிக்கக் கூடாது, அனுமதித்தால் கூட நீங்கள் கேட்கக் கூடாது. மின்வடிவோ நுண்படமோ இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் பென்சிலால் கையில் எழுதி எடுங்கள். பாட்டை எழுதினால் போதாது. அட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் அதைவிட முக்கியம். அச்சகத்தின் விலாசம், விற்பனைப் பட்டியல், “இதைத் திருட்டுத்தனமாய் அச்சிடுவோர்” மீதான எச்சரிக்கை, எந்த மெட்டில் பாட வேண்டும் என்ற குறிப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். பின் அட்டை கிழிந்திருந்தால் அதையும் குறித்து வையுங்கள்.

அப்பா அம்மா விஷயம். தாராளமாகக் கூட்டிப் போங்கள். பெல்வடேர் வளாகம் 30 ஏக்கர், பெரிய மரங்கள், வெள்ளை மாளிகை. வங்காளத்துத் துணை ஆளுநர்கள் குடியிருந்த வீடு. இப்போது படிக்கும் கூடங்கள் பக்கத்திலேயே கட்டிய புதிய பாஷா பவனில் இருக்கின்றன. பழைய மாளிகையைத் தொல்லியல் துறை பழுது பார்த்தது. அந்த வேலையின்போது 2010-இல் தரைத்தளத்தில் கதவே இல்லாத ஒரு அறை இருப்பது தெரிந்து ஊரெல்லாம் பரபரப்பு. புதையல் என்றார்கள், சித்திரவதைக் கூடம் என்றார்கள். துளை போட்டுப் பார்த்தால் உள்ளே வெறும் மண். மேல்தளத்தைத் தாங்க அடைத்து வைத்தது.

இதைவிட நல்ல கதை வாரன் ஹேஸ்டிங்ஸுடையது. அவருக்கும் அவருடைய ஆட்சிக் குழுவில் இருந்த பிலிப் ஃபிரான்சிஸுக்கும் ஆகாது. 1780 ஆகஸ்ட் 17 காலையில் இந்த மாளிகைக்குப் பக்கத்தில் இருவரும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்கள். ஃபிரான்சிஸ் மேல் குண்டு பாய்ந்தது, ஆனால் பிழைத்து இங்கிலாந்து போய் ஹேஸ்டிங்ஸ் மேல் கண்டனத் தீர்மானம் வர வேலை செய்தார். நூலகத்தின் பழைய வீடான மெட்காஃப் மண்டபமும் ஸ்ட்ராண்ட் சாலையில் இன்றும் நிற்கிறது. ஆற்றங்கரைக்குப் போகிற வழியில் பார்த்துவிடலாம்.

நீங்கள் வாசிப்புக் கூடத்தில் இருக்கும் நேரத்தில் அவர்கள் அலிப்பூர் மிருகக்காட்சிசாலைக்குப் போய் வரலாம், நூலகத்துக்குப் பக்கத்திலேயே. விக்டோரியா நினைவு மண்டபமும் தூரமில்லை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களை வளாகத்துக்குள் எதுவரை விடுவார்கள் என்பது அவ்வப்போது மாறும். வாயிலில் கேட்டுவிட்டு உள்ளே போகச் சொல்லுங்கள். டிசம்பர், ஜனவரி வானிலைக்கு நல்லது. துர்கா பூஜை நாட்களில் மட்டும் இந்தப் பயணத்தை வைக்காதீர்கள். ஊர் முழுக்க வீதியில் இருக்கும், தங்க அறை கிடைக்காது, டாக்சி நகராது. அப்பா அம்மாவுக்கு அது கொண்டாட்டமாக இருக்கலாம், உங்கள் பட்டியலில் ஒரு வரிகூட அடிபடாது.